புயல் கடந்த கடலோர ஊர் மீண்டெழ: பெங்களூரில் வாழும் ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புயல் செய்தி பெங்களூர் நாளிதழ்களில் நான்கு நாள் நிற்கும். ஐந்தாம் நாள் வேறு செய்தி வந்துவிடும். ஊரிலோ அப்போதுதான் சேற்றை வழித்து, நனைந்த நெல்லை வெயிலில் பரப்பி, போன கூரைக்கு எங்கே கீற்று வாங்குவது என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் ஓசூர் சாலை நெடுகிலும் வாழும் நாம், வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து ஊர்களுக்கு என்ன செய்ய முடியும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தலைமுறைச் சொத்தான தென்னந்தோப்புகள் ஓர் இரவில் படுத்துவிட்டன. அப்போது, முதல் சில வாரங்களில் உதவி குவிந்தது. தை பிறந்தபின் வந்த வண்டிகள் மிகக் குறைவு. ஆனால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். ஆகையால் முதலிலேயே ஒன்றை வற்புறுத்திவிடுகிறேன். திரட்டும் பணத்தில் பாதியைப் பொங்கலுக்குப் பிறகு செலவிட எடுத்து வையுங்கள். அதை எதற்குச் செலவிடுவது என்பதை ஊரே முடிவு செய்யட்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கான வழிகள்தான்.

முதல் படி: லாரிக்கு முன் தகவல்

புயல் அடித்த ஊரில் மின்சாரம் இருக்காது, செல்போன் கோபுரம் இயங்காது, கைப்பேசியில் சார்ஜ் இருக்காது. நம்மிடம் இவை மூன்றும் இருக்கின்றன. எனவே முதல் மூன்று நாளும் பெங்களூரில் இருப்பவர்கள் ஊருக்குத் தகவல் நிலையமாக இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய உதவி அந்த நாட்களில் கிடையாது.

ஓர் ஊருக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நோட்டில் தெரு வாரியாகக் குடும்பங்களை எழுதி, யாரிடம் பேச முடிந்தது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று குறிக்க வேண்டும். ஊரில் யாராவது ஒருவர் திருத்துறைப்பூண்டி வரை வந்து போன் செய்தால், தன் வீட்டுச் செய்தியோடு தெருவின் செய்தியையும் கேட்டு வாங்குங்கள். "எல்லோரும் நல்லா இருக்காங்க" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும் முதியவர் யார், மாதக் கணக்கில் மருந்து சாப்பிடுபவர் யார், பேறுகாலம் நெருங்கிய பெண் யார், கடலுக்குப் போய்த் திரும்பாத படகு உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே பல நாள் தெளிவாகவில்லை. படகின் பதிவு எண், ஏறியவர்களின் பெயர், எந்தத் திசையில் போனார்கள் என்ற விவரத்தோடு கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் மீன்வளத் துறைக்கும் உடனே சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. பெங்களூரிலிருந்து அழைக்கும்போது 1077-க்கு முன் அந்த மாவட்டத் தலைநகரின் எஸ்.டி.டி. எண்ணைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு போய்ச் சேராது.

இரண்டாம் படி: ஊரில் யார் முடிவெடுப்பது

நமக்குப் பழக்கமான ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு "பார்த்துச் செய்யுங்கள் மாமா" என்று சொல்வது எளிது. அந்த மாமா நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அவர் தெருவுக்கு அப்பால் இருக்கும் தெரு அவர் கண்ணில் படாது. கடலோரக் கிராமங்களில் ஊராட்சி மன்றம் ஒன்று, மீனவர் குப்பத்தில் நாட்டார் பஞ்சாயத்து ஒன்று, விவசாயத் தெருவில் கோயில் வகையறா ஒன்று என்று தனித்தனி அதிகாரங்கள் இருக்கும். தலித் மக்கள் வாழும் காலனி பெரும்பாலும் இவை எதிலும் இருக்காது.

சாலையோரத்து ஊரில் நிவாரண வண்டி நின்றுவிடும். உள்ளே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் காலனிக்குப் போகாது. கஜாவின்போது மக்கள் சாலையை மறித்து வண்டிகளை நிறுத்தியதற்குக் காரணம் அதுதான். அவர்களைக் குறை சொன்னவர்கள் அந்த வண்டிகள் எங்கே நின்றன என்பதைப் பார்க்கவில்லை.

அதனால் பணம் அனுப்பும் முன் ஒரு நிபந்தனை வையுங்கள். ஊராட்சி, மீனவர் பஞ்சாயத்து, காலனி, மகளிர் சுய உதவிக் குழு ஆகிய நான்கிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்த குழுவே செலவைத் தீர்மானிக்க வேண்டும். அதில் பெண்கள் பாதிப் பேராவது இருந்தால் நல்லது. சுய உதவிக் குழுப் பெண்களுக்குக் கணக்கு எழுதிப் பழக்கம் உண்டு. யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பெங்களூர்க்காரர் யாருக்கும் அந்தக் குழுவில் வாக்கு வேண்டாம். கணக்கைப் பார்க்கும் உரிமை மட்டும் போதும்.

இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். "நம் பணம், நம் ஊர், நாம் ஏன் கேட்கக் கூடாது?" என்பார்கள். பணம் கொடுத்தவர் பெயர் பொறித்த நீர்த்தொட்டிகள் பல ஊர்களில் குழாய் இணைப்பில்லாமல் நிற்கின்றன. அந்த இடத்தில் தண்ணீர் வராது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும். யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: பட்டியல்

இந்த வேலைக்கு நேரம் கொடுங்கள். அரசு இழப்பீடு, நன்கொடை, காப்பீடு எல்லாம் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் வரும். கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் பட்டியலில் பட்டாவில் பெயர் உள்ளவர் எளிதில் வந்துவிடுவார். வராமல் போகிறவர்களைத்தான் நாம் தேட வேண்டும்.

அவர்கள் யார்? வாய்மொழிக் குத்தகைக்குத் தோப்பை எடுத்துப் பார்த்தவர். இழப்பீடு பட்டாதாரருக்குப் போகும், நட்டம் இவருடையது. தேங்காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள். இவர்களுக்குச் சொந்த மரம் ஒன்றும் விழவில்லை, ஆனால் வேலை மொத்தமும் விழுந்துவிட்டது. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் நாள் கூலிக்குப் போனவர்கள். கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்கள். படகுக்கும் வலைக்கும் கணக்கு உண்டு, அவர்களுடைய கூடைக்கும் முதலுக்கும் எந்த அரசுப் படிவத்திலும் இடமில்லை. புறம்போக்கில் குடிசை போட்டவர்கள். குடும்ப அட்டை வேறு ஊரில் இருப்பவர்கள்.

பட்டியல் எடுக்கும் முறை இது. படித்த இளைஞர் ஒருவர், தெருவை நன்கு அறிந்த பெண் ஒருவர் என்று இருவர் இருவராகப் போகட்டும். வீட்டு வாசலில் நின்றபடி கேட்காமல், உள்ளே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயர், தொழில், வீட்டின் நிலை, போன பொருள், செத்த ஆடு மாடு, நிலம் சொந்தமா குத்தகையா, வாங்கிய கடன், வரவேண்டிய கூலி என்று எழுதுங்கள். படம் எடுங்கள்: சேதமான இடத்தின் முன் வீட்டுக்காரர் நிற்க, தேதி தெரிய, பின்னால் அடையாளம் காணக்கூடிய ஏதாவது ஒன்று இருக்க. விழுந்த மரத்தையும் சரிந்த சுவரையும் அப்புறப்படுத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இறந்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று வாங்குங்கள். சான்றில்லாத மாடு கணக்கில் வராது.

முடித்ததும் பட்டியலை ஊர்ப் பொதுவிடத்தில் உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் படிக்கப்படும்போது கூட்டத்திலிருந்து திருத்தங்கள் வரும். "அந்த அம்மாவுக்கு இரண்டு ஆடு செத்தது, ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள்." "கடைசி வீட்டில் பாட்டி இருக்கிறார், அவர் பெயரே வரவில்லை." விட்டுப்போனவர் அங்கேயே சேர்க்கப்படுவார், கூட்டி எழுதியவர் அங்கேயே குறைத்துக்கொள்வார். பெங்களூரில் உட்கார்ந்து எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்தத் துல்லியம் கிடைக்காது. அதன் நகல் ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் போக வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். மூன்றாம் நகல் பெங்களூரில் இருக்கட்டும்.

நான்காம் படி: எதை அனுப்புவது

பழைய துணி வேண்டாம். பிஸ்கட், குடிநீர்ப் பாட்டில் முதல் நாலைந்து நாளுக்கு மட்டும். அரிசி, பருப்பு, பாய், பாத்திரம் எல்லாம் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கிடைக்கும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சுமந்து போகாமல், பணம் அனுப்பி அங்கேயே வாங்கினால் லாரி வாடகை மிச்சம், அங்குள்ள கடைக்காரருக்கும் வியாபாரம்.

பெங்களூரிலிருந்து அனுப்பத் தக்கவை வேறு. கனமான தார்ப்பாய், நைலான் கயிறு, சூரிய ஒளி விளக்கு, கைப்பேசி சார்ஜ் செய்யும் பவர்பேங்க், வாடகை ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம், அதை இயக்கத் தெரிந்த ஆட்கள், எலெக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள். சுற்றுவட்டாரம் முழுதும் ஒரே நேரத்தில் தேடுவதால் ஊர்ப்பக்கம் இவற்றுக்குத்தான் தட்டுப்பாடு வரும். மாதவிடாய்க் கால அணையாடைகளும் குழந்தைகளுக்கான உள்ளாடைகளும் யாரும் கேட்காமலே சேர்த்து அனுப்ப வேண்டியவை; கேட்கக் கூச்சப்படுவார்கள்.

வண்டியில் பொருட்பட்டியல், நிவாரணப் பொருள் என்று குறிப்பிட்ட கடிதம், பெற்றுக்கொள்ளும் ஊரின் தொடர்பு எண் மூன்றும் இருக்கட்டும். சேலம், திருச்சி, தஞ்சை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போகும்போது கடைசிக் கட்டத்தில் மரம் விழுந்து சாலை அடைபட்டிருக்கலாம். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: கிணறு

கடல்நீர் புகுந்த கிணற்றைப் பார்த்ததும் மோட்டார் வைத்து முழுதும் இறைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது, சோற்றுக் கஞ்சியின் மேல் ஏடு நிற்பதைப் போல. வேகமாக இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் அந்தக் கிணறு தேறுவதற்குப் பல மழைக்காலம் ஆகலாம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் கற்ற பாடம் இது.

முதலில் மிதக்கும் குப்பையையும் செத்த உயிரினங்களையும் வாளியாலும் வலையாலும் அள்ளுங்கள். யாரும் உடனே உள்ளே இறங்கக் கூடாது. காற்றோட்டமில்லாத கிணற்றில் நச்சுக் காற்று தங்கியிருக்கும். எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். அணைந்தால் அங்கே மூச்சுவிடக் காற்றில்லை. விளக்கு அணையவில்லை என்றாலும் இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். டீசல் இன்ஜினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகை ஆளைக் கொன்றுவிடும்.

சேற்றை எடுத்தபின், கொஞ்சம் கொஞ்சமாக, நீர்மட்டம் மிகவும் தாழாமல் இறைத்து, ஊற விட்டு, மறுநாள் மீண்டும் இறையுங்கள். தெளிந்தபின் பிளீச்சிங் பவுடர். தரமான பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது தெளிந்த நீருக்கான அடிப்படைக் கணக்கு. கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால் உள்ளே சுமார் 9,400 லிட்டர் இருக்கும்; ஏறத்தாழ 24 கிராம் போதும். கலங்கல் மிச்சமிருந்தால் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு என்பதைச் சுகாதார ஆய்வாளர் அளந்து சொல்வார். பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நீர்த்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்திருப்பதை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். வாளியை ஆழத்துக்கு இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஊராட்சியில் இருக்கும், குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும்; உப்பை எடுக்காது. உப்புக் கரிக்கும் கிணற்று நீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீரை நம்ப வேண்டியதுதான். கடல்நீர் புகுந்த குளத்தை மட்டும் அடுத்த மழைக்கு முன் வடித்துவிட்டால், மழைநீர் நிறைந்து சீக்கிரம் தேறும்.

ஆறாம் படி: விழுந்த மரங்கள்

மின்கம்பியைத் தொட்டிருக்கும் மரத்தில் மின்வாரியத்தார் வரும்வரை கை வைக்கக் கூடாது. வளைந்து அழுத்தத்தில் நிற்கும் மரத்தை வெட்டினால் அது வில்லாகத் தெறிக்கும். பழகிய ஆள் மட்டுமே வெட்ட வேண்டும். நகரத்திலிருந்து ஆர்வத்தோடு போகும் இளைஞர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

வெட்டிய தண்டைத் தோப்பிலேயே அழுக விட்டால் அது காண்டாமிருக வண்டுக்கு நல்ல வாழிடம். சில மாதங்களில் அந்த வண்டுகள், தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கும். அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு புகுந்தால் மரம் பிழைப்பது அரிது. புயல் விட்டுவைத்ததை வண்டு கொண்டுபோன தோப்புகள் உண்டு. ஆகவே தண்டுகளை விற்பதோ, அறுத்துப் பலகையாக்குவதோ, தூளாக்கி மூடாக்கு போடுவதோ எதுவானாலும் விரைவில் முடிக்க வேண்டும். அடிக்கட்டையைத் தரையோடு வெட்டி மண்ணால் மூடுங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலப்பதும், தோப்பில் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் வண்டைக் குறைக்கும். தனி ஒருவர் தோப்பில் இதைச் செய்து பயனில்லை, வண்டு பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்து வரும். ஊரே ஒரே வாரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. பெங்களூரிலிருந்து வாடகைக்கு எடுத்த ரம்பமும் கூலியும் இங்கேதான் நன்றாகச் செலவாகும். அந்தக் கூலி, வேலை இழந்த உள்ளூர் மரம் வெட்டிகளுக்கே போகட்டும்.

எல்லா மரமும் போகவில்லை. குருத்து உடையாமல், வேர் முழுதும் அறாமல் சாய்ந்த இளந்தென்னையை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து மண் அணைக்கலாம். வேதாரண்யம் பக்கத்து மாமரங்களும் அப்படித்தான். கிளைகளைக் கழித்துப் பாரம் குறைத்து நிமிர்த்தி, வெட்டிய இடத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) பூசினால் துளிர்க்கும். வேர் காய்வதற்குள் செய்ய வேண்டும் என்பதால், அறுப்பதற்கு முன் நிமிர்த்தக்கூடியவற்றைக் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அரசு தருவது, வங்கி கேட்பது

மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து என்ன கிடைக்கும் என்பதற்கு மத்திய அரசின் நெறிமுறை உண்டு. 2022–26 ஆண்டுகளுக்கான நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, முழுதும் அழிந்த படகுக்கு 15,000. பயிருக்கு 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதம் இருந்தால், பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த நிலத்தில் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 உண்டு. கடல் சேறு ஏறிய ஊர்களில் பலருக்கு இது தெரியாது. மாநில அரசு இதற்கு மேலும் அறிவிப்பதுண்டு. கஜாவில் தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 அறிவித்தார்கள். அந்தந்தப் புயலுக்கான அரசாணையைப் பதிவிறக்கி, அதன் சாரத்தை ஒரு பக்கத் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்புவது பெங்களூரில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. கணினி முன் நாள் முழுதும் இருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நனைந்து போன ஆவணங்களும் அப்படித்தான். பட்டா, சிட்டா நகலை இணையத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றும் இணையத்தில் கிடைக்கும். பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில். அசல் நனைந்திருந்தால் வெயிலில் போடாமல் நிழலில், தாள்களுக்கிடையே செய்தித்தாள் வைத்து உலர்த்தச் சொல்லுங்கள்.

வேளாண் கடன் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமுண்டு. எழுத்தில் விண்ணப்பித்தால்தான் நடக்கும். அறுத்து வயலில் காயும் பயிர் புயல் மழையில் கெட்டால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை பயிர்க் காப்பீடு செல்லும். 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 4 முதல் 60 வயது வரையுள்ள தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு தனியாக உண்டு; பிரீமியத்தில் கால்பங்குதான் விவசாயியுடையது.

நான் மிகவும் அஞ்சுவது நுண்கடனை. கூரையில்லாத வீட்டின் வாசலில் வாரத் தவணை கேட்டு ஆள் வந்து நிற்பார். பெண்கள் வாய் திறவாமல் காதில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஊர்க்குழு இதைத் தனிப் புகாராக மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, வசூலை நிறுத்திவைக்கக் கோர வேண்டும். தனித்தனியாகப் போனால் பதில் வராது. ஐம்பது பெண்கள் ஒப்பமிட்ட மனுவை ஒதுக்கிவைப்பது கடினம்.

எட்டாம் படி: படகும் உப்பளமும்

ஃபைபர் படகின் உடைந்த பகுதியை ஒட்டித் தைக்கலாம். புதுப் படகு வாங்கித் தருவதைவிட, ஊருக்கு ஒரு பழுதுபார்ப்பு முகாம் நடத்தி, பிசினும் கண்ணாடி இழையும் மிஸ்திரிக் கூலியும் கொடுத்தால் அதே பணத்தில் பல படகுகள் கடலுக்குப் போகும். சுனாமிக்குப் பிறகு கொடுத்தவர்களின் ஆர்வத்தால் சில கரைகளில் தேவைக்கு மேல் படகுகள் குவிந்தன. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்னுரிமை கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளைக் கட்டுப்படுத்தும். அந்தப் படகுகளில் கூலிக்குப் போவோருக்குப் புயலுக்கும் தடைக்காலத்துக்கும் இடையே சம்பாதிக்க இருப்பது சில மாதங்கள்தான்.

உப்பளத்தில் மழைக்குப் பிறகு தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்குவார்கள். சேறு ஏறிய பாத்தியை வழிக்காமல் உப்பு இறங்காது. சிறு குத்தகைக்காரருக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள்; தொழிலாளிக்கு உடனே வேலை, குத்தகைக்காரருக்கு அந்தப் பருவம் தப்பாது.

ஒன்பதாம் படி: பணத்தைக் கையாள்வது

தனி ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் திரட்டாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும். பதிவுபெற்ற ஊர்ச் சங்கம் இருந்தால் அதன் பெயரில், மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு. இல்லையென்றால் அல்சூரில் இருக்கும் தமிழ்ச் சங்கம் போன்ற நெடுநாள் அமைப்புகளிடம் ஆலோசனை கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்ப முன்வருவார்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நன்கொடையாளருக்குக் கிடைக்கும் 80ஜி வரிச்சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடை செல்லாது. நீங்கள் பணிபுரியும் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்டுப் பாருங்கள். பேரிடர் மறுவாழ்வுக்கு அதில் இடமுண்டு. பெறும் அமைப்பு அதற்கெனப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வரவு செலவை மாதம் ஒருமுறை ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டவும், பெங்களூர்க் குழுவில் பகிரவும் செய்யுங்கள். எடுத்துவைத்த பாதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். டிசம்பரில் கண்ணீரோடு கோரிக்கைகள் வரும். அப்போது அந்தக் கணக்கைத் தொடாமலிருக்க மனஉறுதி வேண்டும்.

பத்தாம் படி: கூரையும் கன்றும்

பொங்கலுக்குப் பிறகான பணம் இங்கேதான் போகும். வீடு கட்டும்போது இரு பக்கச் சாய்வுக் கூரையைவிட நான்கு பக்கச் சாய்வுக் கூரை காற்றைத் தாங்கும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி நீளமாக நீண்டால் காற்று அதைப் பிடித்துத் தூக்கும், குட்டையாக வையுங்கள். தகரத்தை ஆணியால் அடிக்காமல் கொக்கி போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கைமரம் உத்தரத்தோடும் உத்தரம் தூணோடும் தூண் அடித்தளத்தோடும் இரும்புப் பட்டையால் பிணைந்திருக்க வேண்டும். எந்த ஓர் இணைப்பு விட்டாலும் காற்று அங்கே நுழையும். ஊர்க் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் ஒரு பயிற்சி நடத்தி, முதல் வீட்டை ஒரு கணவரில்லாத பெண்ணுக்கோ தனித்து வாழும் முதியவருக்கோ சேர்ந்து கட்டினால், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

உப்பேறிய வயலில் மழைநீரைத் தேக்கி வடித்து, மண்ணைச் சோதித்து, தேவையென்றால் ஜிப்சம் இட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுங்கள். தென்னைக்கன்று நட ஜூன், ஜூலை ஏற்றது. டிசம்பர், ஜனவரியிலும் நடலாம். பட்டுக்கோட்டைக்கு அருகே வேப்பங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கன்றுக்கு அங்கே முதலில் கேளுங்கள். ஆறு இலையும் கழுத்துப்பகுதியில் 10 சென்டிமீட்டர் சுற்றளவும் உள்ள கன்றாகப் பாருங்கள். புயலுக்குப் பின் தரமில்லாத கன்றுகளை விற்க வருவோர் உண்டு. மூன்றடிக் குழி, 25 அடி இடைவெளி. காய்க்கும்வரை இடையில் உளுந்து, நிலக்கடலை, வாழை, காய்கறி. இந்த ஊடுபயிரின் விதைக்கும், கன்றுக்குத் தண்ணீர் விடும் ஆளுக்கும் இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து சிறு தொகை கொடுப்பது, ஒரே நாளில் ஆயிரம் கன்று கொடுத்துப் படம் எடுப்பதைவிடப் பலமடங்கு மேல். குத்தகைதாரர் நட்டால் மரம் யாருக்கு என்பதை நிலத்துக்காரரோடு எழுதி வைத்துவிடுங்கள்.

கடைசிப் படி: அடுத்த ஐப்பசிக்கு முன்

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க் குழுவும் ஊர்க்குழுவும் ஒன்றாக உட்கார வேண்டும். புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம், மாற்றுச் சாவி யாரிடம்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? ஜெனரேட்டர் ஓடுகிறதா? நடக்க முடியாதவர்களை யார் தூக்கிச் செல்வது என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு பெயர் எழுதியாயிற்றா? ஆவணங்களின் நகல் பெங்களூரில் இருக்கிறதா? வீட்டைச் சுற்றியுள்ள தென்னையில் முற்றிய காய்களும் காய்ந்த மட்டைகளும் கழிக்கப்பட்டனவா? துறைமுகத்தில் எட்டாம் எண்ணோ அதற்கு மேலோ கூண்டு ஏறினால் அது பெரும் அபாயம் என்பது பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்திருக்கிறதா? வந்த பணத்தில் எவ்வளவு மீதி, அதை எந்தக் கணக்கில் வைப்பது? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒன்று, மீன் ஏலக்கூடத்தில் ஒன்று, காலனி அங்கன்வாடியில் ஒன்று என்று ஒட்டுங்கள். போன ஆண்டின் தொலைபேசி எண்களைச் சரிபார்த்து, மாறியவற்றைத் திருத்திய பிறகே கூட்டத்தை முடியுங்கள்.